தலை எந்தப் பக்கம்

தாம்சின் பர்கிஸின் வாக்குமூலத்தை எழுதியவன் நான்.
தாளுக்கு நாலு பென்ஸ். மை என் செலவு.

புருஷன் ஜெத்ரோ பிப்ரவரியில் செத்தான்,
கிணறு வெட்டும்போது ஈரமண் சரிந்து.
மேலே கிடந்த மண்ணை அள்ள ஆறு பேர் வந்தார்கள்.
அவன் விட்டுப்போன மூன்று வாய்களுக்கு
ஒருவரும் வரவில்லை.

காட்மார்ஷ் சொன்னது: இவள் ஹெஸ்ல்வுட்டின் பாரம்.
ஹெஸ்ல்வுட் சொன்னது: காட்மார்ஷின் பாரம்.
எந்தப் பங்கின் பங்கு இவள் என்று
இரண்டு கோயில் மணிகளும்
ஞாயிறுதோறும் அடித்துக்கொண்டன.

சட்டம் எளிது.
கல்யாணமாகாமல் கூலிக்குச் சேர்ந்து
ஒரு வருடம் முழுசாக உழைத்தவன்
கடைசி நாற்பது இரவு எங்கே படுத்தானோ
அந்த மண்தான் அவன் வீட்டுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும்.
அதனால்தான் எங்கள் பண்ணைக்காரர்கள்
வருடம் முடிய மூன்று நாள் இருக்கையில்
ஆளை விரட்டிவிடுவார்கள். புத்தியுள்ளவர்கள்.
விட்லாக் அந்த வருடம் மறந்துபோனார்.
பசுவுக்குக் கன்று குறுக்கே நின்றதாம்.

ஜெத்ரோ படுத்தது விட்லாக்கின் கொட்டகை மாடியில்.
மே மாதம் கட்டியவள் ஜூனில் அங்கேயே வந்து சேர்ந்தாள்.
சங்கிலி பிடித்து அளந்தோம்:
எல்லைக்கோடு அறைக்கு நடுவே போகிறது,
கட்டிலுக்கும் நடுவே.
தொப்புளுக்கு ஒரு சாண் மேலே என்று
ஏழைகள் கண்காணிப்பாளர் ஸ்னெல்க்ரோவ்
தானே படுத்துப் பார்த்துச் சொன்னார்.
பூட்ஸைக் கழற்றவில்லை.

மனிதன் குடியிருப்பது தலையிலா, காலிலா?
காலாண்டு நீதிமன்றத்தில்
ஒரு வக்கீல் ஆன்மாவைக் கொண்டுவந்தார்.
மற்றவர், கூலி வாங்கித் தந்தவை கால்கள்தானே என்றார்.
அதற்குக் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.
நீதவான்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்,
தலை இடப்பக்கம் சாய்ந்து.

இதற்கிடையில் அவளை மூன்று முறை வண்டியேற்றினோம்.
போக, வர, மறுபடி போக.
ஓபதியாவின் குதிரைக்கு வழி மனப்பாடம்,
எல்லைக்கல்லில் தானே நின்று
அந்தப் பக்கத்து ஆள் வரும்வரை புல் கடிக்கும்.
ஒரு போர்வை, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு கெட்டில்.
மூன்றாம் நடையில் கெட்டிலுக்கு மூடி இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும்.
தலை எந்தப் பக்கம் என்று கேட்டபோது
அவள் கூச்சப்படாமல் யோசித்தாள்.
"சுவர்ப் பக்கந்தான் ஐயா.
ஆனால் ஆகஸ்டில் புழுக்கம் தாங்காமல்
சில ராத்திரி ஜன்னல் பக்கம் மாறிப் படுப்போம்.
எத்தனை ராத்திரி என்று எண்ணவில்லை.
பெரியவள் அப்போது வயிற்றில்."
பக்கத்தின் அடியில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.
'சுவர்ப் பக்கம்' என்று எழுதினேன்.
புதுத் தாள் எடுத்திருக்கலாம்.
எனக்கே நாலு பென்ஸ் கூடியிருக்கும்.
கீழே ஒரு சிலுவைக்குறி போட்டாள்,
கோடு தாண்டாமல், கவனமாக.

சுவர் ஹெஸ்ல்வுட்டில் இருக்கிறது.
தீர்ப்பு தலைக்குக் கிடைத்தது.
எங்கள் ஆட்கள் அன்று 'வெள்ளை அன்னம்' மதுக்கடையில்
எட்டு ஷில்லிங்குக்குக் குடித்தார்கள்,
பங்குக் கணக்கில்.

இரு தரப்புச் செலவும் சேர்த்து
முப்பத்தோரு பவுண்டு நாலு ஷில்லிங்.
அவள் கேட்டது வாரம் இரண்டு ஷில்லிங்.
ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன்:
ஆறு வருடம். மீதி இல்லை.
ஆறு வருடத்தில் சின்னவளே
வயலில் காக்கை விரட்டிக் கூலி வாங்கியிருப்பாள்.
மீதி இல்லாத கணக்கு எனக்குப் பிடிக்கும்.
பிறகு அதைச் சுரண்டி அழித்தேன்.

மூடி என்னிடம்தான் இருக்கிறது.
வண்டியிலிருந்து உருண்டதை ஓபதியா கொண்டுவந்து கொடுத்தான்.
அனுப்ப ஓர் உத்தரவு வேண்டும்,
உத்தரவில் மூடி என்று எதுவும் இல்லை.
ஜன்னல் திறந்திருக்கும் நாட்களில்
தாள்கள் பறக்காமல் மேலே வைக்கிறேன்.