ஆமை ஓடும் நாற்பது விளக்கும்

அரியணை விழாவுக்கு இன்னும் இருநூற்றுப் பதினோரு நாள்.
கசுமிகசெகியில், நான்காம் தளத்தில்,
என் மேசைக்கு வந்திருக்கும் கோப்பின் பெயர்
ஆமை.

புதிய பேரரசர் புது நெல்லைத் தெய்வத்துக்குப் படைப்பார்.
அது எந்த மாவட்டத்து வயலில் விளைய வேண்டுமென்று
அமைச்சரவை முடிவெடுக்காது.
ஆமை ஓட்டை மெலிதாகச் சீவி
நெருப்பில் காட்டுவார்கள்.
விரிசல் சொல்லும்.
எட்டு ஓடு வேண்டும்.
இரண்டு போதும் உண்மையில்;
மற்றவை, நெருப்பு வாய் திறக்காவிட்டால்.

பச்சை ஆமை.
உலகம் கூடிக் காக்கச் சொன்ன பட்டியலில் அதன் பெயர் உண்டு.
பட்டியலின் அடியில் எங்கள் கையெழுத்தும் உண்டு.
அதனால்தான் கோப்பு
அரண்மனையிலிருந்து வெளியுறவுக்கு நடந்து வந்தது.

வெளிநாட்டு நிருபர் கேட்டால் படிக்க ஒரு பதில் எழுதினேன்.
முதல் வரைவில் "கொன்று" என்றிருந்தது.
நிஷிகாவா அதை "பெறப்பட்டு" என்றாக்கினார்.
மூன்றாம் வரைவு இப்படி:
"சட்டத்துக்கு உட்பட்டு, உள்நாட்டில், குறைந்த எண்ணிக்கையில்."
வினைச்சொல்லே இல்லை.
பிரமாதம் என்றார்.

அடுத்த மேசையில் ஹயாசாகா
நிமிடங்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.
விருந்தினர் நூற்று எழுபது நாட்டவர். பிரதமர் ஒருவர்.
தலைக்குப் பதினைந்து நிமிடம்.
பாதியை மொழிபெயர்ப்பாளர் தின்பார்,
கைகுலுக்கலுக்கும் கேமராவுக்கும் மூன்று போகும்.
மிச்சம் நாலரை நிமிடத்தில்
ஒரு தீவுத் தகராறு, ஒரு துறைமுகக் கடன்,
பாதியில் நிற்கும் ஓர் எரிவாயுக் குழாய்.
"நடுவில் போர் மூண்டால்?"
"பதினெட்டு தரலாம்," என்றாள், நிமிராமல்.

விருந்து மண்டபத்தில்
முகம் பார்க்காத இரு நாடுகளுக்கு இடையே
ஒரு சிறு தீவின் மன்னரை உட்காரவைத்திருக்கிறாள்.
அகன்ற தோள். நல்ல சிரிப்பு.
யாரோடும் எல்லை இல்லாதவர்.
ராணுவம் பிடித்த நாட்டுக்கு அழைப்பு போகிறது,
பதவியின் பெயருக்கு;
ஆளின் பெயர் எழுதும் இடத்தில் வெறும் வெள்ளை.
அந்த வெள்ளைக்கு மூன்று கூட்டம் நடந்தது.

சிச்சிஜிமாவுக்கு என்னை அனுப்பினார்கள்.
இருபத்து நாலு மணி நேரக் கப்பல்.
வழியெல்லாம் வாந்தி.
அசானுமா படகுத்துறையில் ரப்பர் காலணியோடு நின்றிருந்தார்.
வருடத்துக்கு இத்தனை என்று அரசு அளந்து கொடுத்த ஆமையைப் பிடிப்பவர்;
குஞ்சு பொரித்த இரவுகளில் கடற்கரை விளக்கை அணைத்துவிட்டு
அவற்றைக் கடலுக்கு வழிவிடுபவரும் அவரே.
இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

படிவத்தில் முத்திரை வைத்தார்.
"பதிலில் என் பெயர் வேண்டாம்."
வராது, வினைச்சொல்கூட இல்லை, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

தேநீர் ஆறிய பிறகு, கடலைக் காட்டினார்.
"போன மாதம் ஓர் இரவு, அங்கே, வரிசையாக விளக்கு.
நம் படகுகள் இல்லை.
நாற்பது வரை எண்ணினேன். பிறகு மழை.
தோக்கியோவிலிருந்து இதுவரை யாரும்
விளக்கைக் கேட்டு வரவில்லை.
ஆமையைக் கேட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்."

வசந்தத்தில் ஓடு வெடித்தது.
கிழக்கே ஒரு மாவட்டம், மேற்கே ஒரு மாவட்டம்.
தேர்வான வயலின் சொந்தக்காரர்
தொலைக்காட்சியில் குனிந்து வணங்கினார்.
காதில் இன்னும் சேறு இருந்தது.
இலையுதிர்காலத்தில் நூற்று எழுபது நாடுகள் வந்தன,
நாலரை நிமிடம் பேசின, போயின.
தீவு மன்னர் இரண்டு தட்டு மீன் கேட்டு வாங்கினார்.
நிருபர்கள் மழையைக் கேட்டார்கள்,
குடையைக் கேட்டார்கள்,
பேரரசியின் உடை எத்தனை கிலோ என்று கேட்டார்கள்.
ஆமையை ஒருவரும் கேட்கவில்லை.

நாற்பது விளக்கைப் பற்றி
அரைப் பக்கம் எழுதி நிஷிகாவாவிடம் நீட்டினேன்.
படித்தார். மறுபடி படித்தார்.
"எந்தக் கோப்பு?"
கடற்படைக்கு உரியதில்லை, யாரும் சுடவில்லை.
மீன்வளத்துக்கும் இல்லை, யாரும் பிடிபடவில்லை.
விழாக் குழு கலைந்துவிட்டது.

கீழ் இழுப்பறையைத் திறந்து
ஆமையிலேயே வைத்தேன்,
வினைச்சொல் இல்லாத அந்தப் பதிலுக்கு அடியில்.