நீடாமங்கலத்தில் ஒரு மலை

எங்கள் ஊரில் மலை கிடையாது.
ரயில்வே கேட் பக்கம் கொட்டிவைத்த ஜல்லிதான்
நான் ஏறிய அதிகபட்ச உயரம்.

ஒசாகாவில் யாரோ விற்றுவிட்ட கிஹா நாற்பது,
டீசல் வண்டி, இரண்டு பெட்டி,
வெயிலில் காய்ந்த மிளகாய் நிறம்,
நாற்பத்தோரு நாளில் வந்து சேர்ந்தது.
சுங்கத்தில் பிரித்துப் பார்த்து
பொம்மை என்று எழுதியிருந்தார்கள்.
வாங்கிய வரி பொம்மைக்கானது இல்லை.
உள்ளே கசங்கிய ஜப்பான் செய்தித்தாள்.
படிக்கத் தெரியாது,
மடித்து வைத்திருக்கிறேன்.

நூற்றைம்பதில் ஒரு பங்கு வண்டி.
தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர்:
கொஞ்சம் தாராளமான மேல் முன்பல் ஒன்று.
எனக்கு அப்படித்தான் அளக்க வரும்.
நான் பல் செட்டுக் கட்டுகிறவள்.

அவர்களுக்கு நூறு வோல்ட்.
நமக்கு இருநூற்று முப்பது,
மழை பெய்தால் நூற்றெண்பது,
அப்புறம் ஒன்றுமில்லை.
முதல் டிரான்ஸ்பார்மர் புகைந்தே போனது.
ஐப்பசியில் தண்டவாளம் கறுக்கும்.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபடியே இருக்கவேண்டும்;
ஒரு விரல்ரேகை போதும்,
வண்டி நின்றுவிடும்.

கேட் அடைத்தால்
மன்னார்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து
ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள்.
பெரிய ரயில் வரும்வரை சின்ன ரயில்.
“இதுக்கும் கேட் போடுவீங்களாக்கா?”
கேட்டவர் கண்டக்டர் செங்குட்டுவன்.
சில்லறை மட்டும் தரமாட்டார்.

வண்டி வந்த அட்டைப்பெட்டியில் ஒரு படம்:
கிஹா மலைக்குள்ளிருந்து வெளியே வருகிறது.
இங்கே எந்த ரயிலும் அப்படி வந்ததில்லை.
நெல்லுக்குள்ளிருந்து வரும்,
நெல்லுக்குள் போகும்.

என்னிடம் இருந்தவை
பதினாறு வருஷத்துப் பிளாஸ்டர் அச்சுகள்.
செட்டை வாங்கிப் போனபின்
தாடையைக் கேட்டு யாரும் வருவதில்லை.
கொரடாச்சேரி அல்போன்ஸ், மேல்.
வலங்கைமான் ஜன்னத், கீழ்.
அடியில் பென்சிலில் பெயர்.
அடுக்கினேன், ஒட்டினேன், மேலே சாந்து பூசினேன்.
வடிகட்டிய டீத்தூள் மண்,
பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் காடு.
சுரங்கத்தின் வாய்க்கு
வாயே வைத்தேன்.

நன்றாகத்தான் ஓடியது இரண்டு வருஷம்.

மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று
ரிஷியூர் பக்கிரிசாமி
படித்துறையில் வாய் கொப்பளித்தார்.
மேல் செட்டு தண்ணீரோடு போய்விட்டது.
“அதே பல்லு வேணும்.
மாத்திக் கட்டினா வீட்ல சிரிக்குறா.”

எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.
சுரங்கத்தின் இடப்பக்கம், கீழ் வரிசை,
காட்டையும் ஜன்னத்தையும் தாங்கிக்கொண்டு.

டார்ச் அடித்துக் காட்டினேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
“வண்டி எம் பல்லுக்குப் பக்கத்துலயா போவுது?”
ஓட்டிக் காட்டச் சொன்னார்.
மூன்று முறை.
பிறகு, “சரி, அறுங்க.”

அறுத்தேன்.
மலையில் பாதி மேசையில் இறங்கியது.
வெளியே எடுத்த அச்சு
அண்ணத்தின் நடுவே விரிந்திருந்தது.
விரியாமல் இருந்தாலும் பயனில்லை;
ஈறு எப்போதோ வற்றிவிட்டது.
பார்த்த முதல் நிமிஷமே
எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.
தெரிந்தும்தான் அறுத்தேனோ என்னவோ.

புதிதாக அளவெடுக்க
ரோஸ் நிறக் களிம்பை வாயில் வைத்து
அசையாமல் இருங்கள் என்றேன்.
அப்போது கேட் மணி அடித்தது.
அரிசி ஏற்றிய சரக்கு ரயில்,
சுவரெல்லாம் அதிர்ந்தது,
கிஹாவின் பின்பெட்டி தடம் புரண்டு
டீத்தூளில் சாய்ந்தது.
பேசமுடியாமல்
கையை மட்டும் நீட்டி
உழவன் விரல் இரண்டால்
அதைத் தூக்கி வைத்தார்.
சக்கரம் சரியாக உட்கார்ந்தது.
எனக்கே நாலு தடவை ஆகும்.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்,
மெழுகில் பல் அடுக்கிப் பார்க்க.
மலை அப்படியே கிடக்கிறது.
வண்டி இப்போது
வெட்டவெளியில் சுற்றுகிறது.