இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மைல்.
சீட்டில் புது நெடி இன்னும் போகவில்லை.
மூன்றாவது முறையாகக் கொண்டுவந்திருக்கிறார்
ஆர்லிஸ் டோலெஃப்சன்,
சாவியோடு ஒரு டப்பா எலுமிச்சைக் கேக்கும்.

டுலூத்தில் எல்லாத் தெருவும் ஏரியிலிருந்து
நேராக மேலே ஏறும்.
வண்டியின் பொய்யைப் பிடிக்க
வேறு கருவி வேண்டியதில்லை.

அவர் ஓட்டினார்.
பக்கத்து சீட்டில் நான், மடியில் கணினி.
ஒன்று சரி. இரண்டு சரி.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
இருட்டில், இல்லாத படியில் கால் வைத்தது போல
வண்டி ஒரு கணம் எதிலுமே இல்லை.
எஞ்சின் மட்டும் வீணாகக் கத்தியது.
பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி
ஒரு குதி.
"ஐயோ பாவம்" என்றார் ஆர்லிஸ்.
காரைத்தான்.
பால் குடித்து ஏப்பம் விடாத குழந்தைக்குப் போல
டாஷ்போர்டை மெல்ல இரண்டு தட்டு தட்டினார்.

கணினியில் கோளாறு எதுவும் பதிவாகவில்லை.
கம்பெனி எனக்குக் கொடுத்திருக்கும் வாக்கியம் இது:
"இந்த மாடலின் இயல்பே அப்படித்தான்."
முதல் முறை சொன்னேன்; தலையாட்டினார்.
அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பித்தோம்;
நன்றி என்று கார்டு போட்டார்.
கார்டில் ஒரு வாத்து.
இந்த முறை வாக்கியம் வாய்வரை வந்து
நழுவியது,
எந்தப் பல்லிலும் மாட்டாமல்.

இதற்கு முன் ஆறு கார், அத்தனையும் எங்களிடம்.
மூன்று லட்சம் மைல் ஓடிய பச்சைக் காரைப் பற்றி
மறைந்த கணவரைவிட அதிகம் பேசுவார்.
"அது நின்ற இடம் பெட்ரோல் பங்க் மட்டும்தான், டேரில்.
இது இன்னும் என் வீட்டுக்குப் பழகவில்லை."

எதிர் வீட்டு வென்டல்
போட்டிக் கம்பெனியின் ஆள்.
உன் புதுக் கார் எங்கே என்று கேட்டிருக்கிறார்.
மெழுகு போட விட்டிருக்கிறேன் என்றாராம்.
பதினொரு நாள் மெழுகு.
சொல்லும்போதே காது சிவந்தது அவருக்கு.

அன்று நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.
மேலாளர் சாப்பிடப் போயிருந்தார்.
கெட்ட காருக்கு இங்கே எலுமிச்சை என்று பெயர்;
அதற்கென்று ஒரு சட்டம் உண்டு, படிவம் உண்டு.
எண்களை நானே நிரப்பி
கையெழுத்து இடத்தில் பென்சில் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.
படித்தார். விரலில் சர்க்கரைத் தூள்.
"இது யாரைப் பற்றிய புகார்?"
"காரைப் பற்றி, மேடம்."
"உன்னைப் பற்றி இல்லையே?"
இல்லை என்றேன்.
அப்புறம்தான் போட்டார்.

ஏழு வாரத்தில் பணம் வந்தது, முழுதும்.
தெருவுக்கு அந்தப் பக்கம் ஐந்து ஷோரூம்.
கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டு கூப்பிட்டன.
அவர் தெருவைக் கடக்கவில்லை.
காசோலையும் கைப்பையுமாக
எங்கள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார்.
அதே மாடல். அதே சாம்பல் நீலம்.
விற்பனைப் பிரிவில் கைதட்டினார்கள்.

நான் என்ன ஓட்டுகிறேன் என்று
இத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டார்.
ஜன்னல் வழியே காட்டினேன்:
குப்பைத் தொட்டிக்குப் பின்னால் மறைவாக
வென்டல் கம்பெனிக் கார்.
வெகுநேரம் பார்த்தார்.
"மேடு ஏறுமா?"
"ஏறும்."
"நல்லது" என்றார்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.

இப்போது நடைபாதையில் நிற்கிறேன்.
மைனஸ் பதினெட்டு, கோட்டை உள்ளேயே விட்டுவிட்டேன்.
புதுக் கார் திரும்பி மேட்டைப் பிடிக்கிறது.
ஏரியில் ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது,
அது ஓய்ந்தால்தான் எனக்குக் கேட்கும்.
ஒன்று.
இரண்டு.