அசையாத கை

புந்தா அரேனாசில் நவம்பர் என்றால் காற்று.
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு கடக்க.
நான் காற்று புகாத அறையில் உட்கார்ந்து
நாற்பத்தோரு பேரின் காலடிகளைத்
திரையில் மேய்ப்பவள்.

சர்க்கரையின் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்,
ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து எழுந்தவர்கள்.
ஆளுக்கொரு கறுப்புப் பட்டையை
மணிக்கட்டில் மாட்டி அனுப்பினோம்.
பச்சை என்றால் நடக்கிறார்.
மஞ்சள் என்றால் குறுஞ்செய்தி போகும்.
மூன்று நாள் சிவப்பு என்றால்
நான் போன் செய்ய வேண்டும்.

எதெல்வினா அம்மாள் எப்போதும் பச்சை.
ரொட்டிக்கு மாவு பிசைந்தே
இரண்டாயிரம் அடி நடந்துவிடுவார்.
தெரியும். விட்டுவிட்டேன்.

எவாரிஸ்தோ ஒயார்சுன், ஐம்பத்தெட்டு வயது,
பத்தொன்பது நாளாகச் சிவப்பு.
"கொஞ்சமாவது நடக்கப் பாருங்களேன்."
"நடக்கிறேனே, அம்மா."
எல்லோரும் சொல்வதுதான்.
மூன்றாவது போனுக்குப் பிறகு
குறிப்புப் பத்தியில் தட்டினேன்:
ஒத்துழைப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை, சூப்பர் மார்க்கெட் வாசல்.
ஒன்றுக்குள் ஒன்று செருகிய
இருபத்திரண்டு தள்ளுவண்டிகள்
ஒரு நீண்ட இரும்பு மிருகமாக
எதிர்க்காற்றில் ஏறி வந்தன.
வால்பக்கம் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர்,
தலை கவிழ்ந்து, முழு உடம்பும் முன்சாய்ந்து.
"ஒரு வண்டி தருவீர்களா?" என்றேன்.
குரலைக் கேட்டு நிமிர்ந்தார்.
"போன் அம்மாவா?"

காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை
அந்தக் கைப்பிடியில் அவர் கை
ஆணி அடித்ததுபோல் இருக்கும்.
கை வீசினால்தான் பட்டைக்கு நடை.
நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அதிர்ந்தது.
காட்டினார்:
'நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.
எழுந்து சற்று நடக்கலாமே!'
அந்த வாக்கியம் நான் எழுதியது.
ஆச்சரியக்குறி வேண்டுமா வேண்டாமா என்று
அரைநாள் கூட்டம் போட்டோம்.

அவருக்குக் கோபம் இல்லை.
"இதுக்குக் கை மட்டும்தான் தெரியும்போல" என்றார்,
சிரிக்காமல்.

சாக்ஸுக்குள் போடச் சொன்னேன்.
அன்றிரவு பதினேழாயிரத்து முந்நூறு.
திரையில் பச்சை வாணவேடிக்கை, ஒரு பதக்கம்.
மறுநாள் டாக்டர் வுகாசோவிச் புருவம் நெரித்தார்:
"கருவி பழுதா பாருங்கள்."
எழுதிய குறிப்பை அழிக்கப் போனேன்.
அழிக்க வழியில்லை, கீழே சேர்க்கத்தான் முடியும்.
சேர்த்தேன்: வண்டி தள்ளுகிறார்.

ஜனவரியில் ரத்தம் எடுத்தோம்.
சர்க்கரை இம்மி இறங்கவில்லை.
ஏன் இறங்கப்போகிறது?
நாங்கள் எண்ணத் தொடங்குமுன்பே
நடந்துகொண்டிருந்த கால் அது.
இரவு பதினொன்றுக்கு
நின்றபடி விழுங்கும் தொத்திறைச்சி பன்,
ஒரு குவளை வாழைப்பழப் பால்,
நாலு மணி நேரத் தூக்கம்.
இவற்றுக்குத் திரையில் கட்டம் இல்லை.
என் நாற்காலிக்கும் இல்லை;
இருந்தால் நான் சிவப்பு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அவருக்கு விடுமுறை.
திரையில் முப்பத்தோராயிரம் அடி,
ஏறிக்கொண்டே இருக்கிறது.
இப்படி நடந்தால் இதயம் தாங்காது.
பதறி அடித்தேன்.

மனைவி எடுத்தாள்.
"தூங்குகிறார், எழுப்பாதீர்கள்."
பட்டை எங்கே என்றேன்.
பாத்திரம் வைக்கும் சத்தம்,
கதவு திறக்கும் சத்தம்,
பிறகு போனுக்குள் முழுக்கக் காற்று.
"ஐயோ, சாக்ஸோடு துவைத்துக்
கொடியில் போட்டிருக்கிறேன்" என்றாள்.
"எடுத்துவிடவா?"

நீரிணைப் பக்கத்திலிருந்து அடித்த காற்று
அந்த ஒற்றைச் சாக்ஸை
நடத்திக்கொண்டிருந்தது.
"வேண்டாம்" என்றேன்.
"காயட்டும்."