இரண்டாம் அடி

நாலு மில்லிமீற்றர் என்கிறது திரை.
நான் நம்பவில்லை.

மணிக்கட்டால் புகுந்த குழாய்
மீராலெவ்வையின் இருதயத்து நாடியொன்றில் நிற்கிறது.
நுனியில் கடுகளவு காது,
நிமிடத்துக்கு ஆயிரத்தெண்ணூறு தரம் சுற்றிக்
கத்துகிறது, கேட்கிறது, கத்துகிறது.

வளைவில் கம்பி இறுகியதும்
படத்தின் ஒரு பக்கம் பாகுபோல் இழுபட்டது.
அது நோயில்லை.
நடுவில் வெள்ளை வளையம், அதுவும் நோயில்லை,
தன் குரல் தன் காதிலேயே அடித்த இரைச்சல்.
குழாய் சாய்ந்து கிடந்தால் வட்டம் முட்டையாகும்.
முட்டையை அளந்து வட்டமென்று நான் எழுதிய
முதல் வருட அறிக்கை ஒன்று
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் ஏதோவொரு கோப்பில்
இன்னும் இருக்கிறது.

பன்னிரண்டு மணிப் பக்கம் சுண்ணாம்பு:
வெள்ளை வில், பின்னால் கறுப்பு,
கறுப்புக்குள் மங்கலாக இன்னொரு வில்.

"வெளிச்சுவர் அதுதானே" என்றார் டொக்டர் ஜெனார்த்தனி.
"நாலு பலூன் எடுங்கோ."

மவுஸை நகர்த்தினேன்.
காதிலிருந்து முதல் வில்லுக்கு ஒன்று தசம் மூன்று.
முதல் வில்லிலிருந்து அடுத்ததுக்கு
ஒன்று தசம் மூன்று.
உடம்பு இவ்வளவு ஒழுங்காக எதையும் கட்டுவதில்லை.

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பிவிட்டார்.
வாழைச்சேனைத் துறைமுகம், பலநாள் படகு,
மீன் காட்டும் பெட்டிக்கு முன்னால் முப்பது வருடம்.
"புள்ள, அது அடியா, ரெண்டாம் அடியா?"

எண்பது பாகத்தில் தரை.
நூற்றறுபதில் அதே தரை திரும்பவும் வரும்,
ஒரு தரம் அதை நம்பி வலையை விட்டாராம்.
பாரில் கிழிந்தது.
"அஞ்சு லச்சம்" என்றார்.

இதை அவர் சொல்லி நான் அறிய வேண்டியதில்லை.
ஆனாலும் கை ஒருகணம் நின்றது.
பேச வேண்டாம் என்றேன், மூச்சில் படம் குலுங்குகிறது.

சுண்ணாம்பில்லாத துண்டு வரை போய் அளந்தேன்.
மூன்று தசம் ஒன்று.
திரும்ப. இரண்டு தசம் ஒன்பது.
திரும்ப. மூன்று.
டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமலே போட்டார்.
"சரி. மூன்று."

மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்
ஒரு சம்பா மணியின் அரை அகலம்.
அந்த அகலத்தில் நாடி கிழியும்.

அறிக்கையில் எழுதினேன்:
பன்னிரண்டு மணியில், நிழலுக்கு அப்பால், அளக்க முடியவில்லை.
கணினி எழுத்தை ஏற்கவில்லை.
எண் கேட்டது.
பூச்சியமும் ஒரு எண்தான், பொய்யான எண்.
வெறுமையாக விட்டேன். பெட்டி சிவந்தது.

வார்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகையில்
கட்டுப் போட்ட கையை உயர்த்திக் கேட்டார்:
"ரெண்டாம் அடிதானே?"

பெரும்பாலும், என்றேன்.