பனியில் பால்

ஓலு நகரத்து ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
வியாழக்கிழமைகளில் ஒன்பதுக்கு மாத்திரை,
பத்தேகாலுக்கு வாசிப்பு.
இடையில் கலெர்வோ நிஸ்கலா
ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
நான் அவர் நாடியை எண்ணுவேன்.
எண்பத்தெட்டு. எழுபத்திரண்டு. அறுபத்தொன்று.

மருந்துக்கு வேலை சின்னதுதான்.
நார்அட்ரினலின் வந்து உட்காரும் இடங்களில்
முந்திப்போய்த் துண்டு போட்டுவைப்பது.
பயந்த கணத்தில் அந்த ரசாயனம்தான்
மூளைக்குள் ஓடி ஓடிச் சொல்கிறது:
இதை வை. இதை விடாதே.
இருபத்தேழு வருடம் ரயில் ஓட்டியவர்.
சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த நாட்கள்
ஒன்றுகூட அவரிடம் இல்லை.

பசுமரத்தில் அடித்த ஆணி என்கிறோம்.
அடிக்கும்போது பச்சை,
பிறகு காய்ந்து இறுகிவிடும், அவ்வளவுதான்
என்றே நானும் படித்தேன்.
அப்படியில்லையாம்.
நினைக்கிறபோதெல்லாம் மரம் மறுபடி பச்சையாகிறது.
சில மணி நேரம் ஆணி ஆடுகிறது.
அப்புறம் புதிதாய்ப் புரோட்டீன் ஊறி
மறுபடி கவ்விக்கொள்கிறது.
அந்தச் சில மணி நேரத்தை நம்பித்தான்
இந்த மாத்திரை, இந்த நாற்காலி, இந்தத் தாள்.
எல்லோருக்கும் பலிப்பதில்லை.
கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

தாள் அவர் எழுதியது. நிகழ்காலத்தில் எழுதச் சொல்லியிருந்தோம்.

"டிசம்பர். மூன்று மணி. இருட்டிவிட்டது.
கெமிக்குத் தெற்கே ஒரு லெவல் கிராசிங்.
உதைவண்டி தள்ளிக்கொண்டு ஒரு பெண்,
வண்டியின் இருக்கையில் கடைப் பை.
தண்டவாளப் பள்ளத்தில்
வண்டியின் சறுக்குக்கம்பி மாட்டிக்கொள்கிறது.
விட்டுவிட்டு ஓடலாம்.
குனிந்து இழுக்கிறாள்.
பிரேக்கை அழுத்துகிறேன்.
நிற்க எண்ணூறு மீட்டர் வேண்டும்.
இருப்பது இருநூறு."

முதல் வாரம் 'குனிந்து' என்ற இடத்தோடு நின்றது.
இரண்டாவது வாரம் முடித்தார்,
சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
மூன்றாவது வாரம் தாளில் இல்லாததைச் சொன்னார்:
"டார்ச்சோடு திரும்பி நடந்தேன்.
பால் பெட்டி உடைந்து கிடந்தது.
பனியில் பால் கொட்டினால் தெரியாது என்று
நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை வருடம்.
தெரிகிறது.
பனிக்குப் பக்கத்தில் பால் மஞ்சள்."
அதையும் எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

நாலாவது வாரம் தலைவலி என்றார்.
ஐந்தாவது வாரம்
அறிவிப்பு வாசிக்கிற குரலில் வாசித்தார்,
எந்த ரயில், எந்த மேடை, எவ்வளவு தாமதம்.
பயத்துக்கான மதிப்பெண் கட்டத்தில்
இரண்டு என்று எழுதினேன்.
தொடங்கும்போது ஒன்பது.

ஆறாவது வாரம்
மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.
"நடந்தது மறந்துபோகாதுதானே?"
போகாது. வலி மட்டும்தான் குறையும்.
"வலியில்லாமல்," என்றார்,
"அவளை வைத்திருக்கத் தெரியவில்லை எனக்கு."
கையேட்டில் நாற்பத்தொரு கேள்விகளுக்குப் பதில் உண்டு.
இதற்கில்லை.
தண்ணீர் டம்ளரை நகர்த்திவைத்தேன்.
விழுங்கினார். வாசித்தார்.
குல்லாயைப் போட்டுக்கொண்டு,
கீழே கேன்டீனில்
பட்டாணி சூப் தீர்ந்திருக்குமா என்று கேட்டார்.
வியாழன் இல்லையா, இருக்கும் என்றேன்.

ஆறு முறை நானும் கேட்டிருக்கிறேன்.
எனக்கு மாத்திரை கிடையாது.
கேட்கிறவளின் நாடியை எண்ண
யாரையும் நியமிக்கவில்லை.

இன்று காலை காப்பியில் பால் ஊற்றும்போது
கை நின்றுவிட்டது.
கணவர் நிமிர்ந்து பார்த்தார்.
வெளியே ராத்திரி முழுக்கப் பெய்திருந்தது.
பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன்.

சரிதான் அவர் சொன்னது.