பின்னோக்கி மாதங்கள்

ஜூலை, நெப்ராஸ்கா.
பல்கலைக்கழகத்தின் நான்காம் எண் மைதானத்து ஓரம்
என் மடக்கு மேசை, ஐஸ் பெட்டி,
பூட்டுப் போட்ட தகரப் பெட்டியில்
நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளின் உடம்பு
காகிதமாக.

ஞாயிறு முழுதும் வாங்கி அடுக்கினேன்.
கையெழுத்து இல்லையென்றால் காலணி கட்டக் கூடாது.
கெஞ்சினார்கள், கடிகாரத்தைக் காட்டினார்கள்,
ஓர் அம்மா கார் முகப்பின் மேல் வைத்துக் கிறுக்கித் தந்தாள்.
குளவி கொட்டினால் தொண்டை வீங்கும், ஊசி முன் ஜிப்பில்.
ஓடினால் இழுப்பு வரும், நீலக் குப்பி, இரண்டு தடவை.
வேர்க்கடலை. வேர்க்கடலை. பென்சிலின்.
முழங்கை ஒருமுறை முறிந்தது, டிராம்போலின்.

நாங்கள் வேறென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும்
ஒரு கோடுதான் பதில்.
காலையில் கடுகடுப்பாள் என்று ஒருவர்.
டேல் வோட்ரூபா, கட்டை எழுத்தில், தாள் குழியும்படி:
ரோக்ஸேன் மார்ச்சில் போய்விட்டாள்.
எமெட் அதைப் பேசமாட்டான்.
கேட்காதீர்கள்.

கேட்கவில்லை.
மூன்று நாள் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றான்,
கைக்குப் பெரிதான உறைகளோடு,
வந்த பந்தின் மேலெல்லாம்
சொந்தப் பகை இருப்பதுபோல் பாய்ந்து.

நான்காம் நாள் கம்பத்தில் மோதினான்.
சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது,
பயிற்சியாளர் பிரான்ட் பிறகு திரும்பினார்.
"ஒண்ணுமில்ல" என்று எழுந்தான்.
எல்லோரும் சொல்வது அதுதான்.

அறைக்குக் கூட்டிவந்தேன். கதவு திறந்தே இருக்க வேண்டும்.
பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது;
ஹாட்லியைக் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்தேன்.
எந்த மைதானம்? சொன்னான்.
முதல் பாதியா, இரண்டாவதா? சொன்னான்.
ஒற்றைக் காலில் நின்றான். கொஞ்சம் ஆடினான், யார்தான் ஆடமாட்டார்கள்.
மாதங்களைப் பின்னோக்கிச் சொல்.

டிசம்பர். நவம்பர். அக்டோபர்.
படியிறங்குவது போல, சீராக.
ஜூன். மே. ஏப்ரல்.

நின்றான்.

குளிர்பெட்டியின் மோட்டார் ஓடி ஓய்ந்தது.
எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது விதி.
மேலுதடு வெளுத்திருந்தது.
அது அடியா, அதுவா,
என் கைவிளக்குக்கு இரண்டு கண்மணியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.
கட்டம் கேட்பது ஒன்றா, சுழியா.

சுழி போட்டேன்.
சந்தேகமென்றால் உட்கார வை:
வருஷா வருஷம் பயிற்சியாளர்களுக்கு நான் ஒப்பிக்கிற வாக்கியம்.
இத்தனை கோழையாக அது என் வாயில் வந்ததில்லை.

"எனக்கு அந்த மாசம் தெரியும்."
"தெரியும்."
"உங்களுக்கு எப்படி?"
"படிவத்துல இருக்கு."
"அப்பாவா எழுதினார்?"

பெட்டியைத் திறந்தேன். யாருக்கும் காட்டக் கூடாத தாள்,
ஆனால் அதில் இருப்பதே அவன்தானே.
விதி இதற்கு என்ன சொல்கிறதென்று
இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை.

மூன்று வரியை வெகுநேரம் படித்தான்.
"அம்மா பேரை எழுதியிருக்கார்.
வீட்ல சொல்றதே இல்ல."
ஹாட்லி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
எங்கள் கண்ணில் படும்படியே நின்று.

தகப்பனுக்கு ஃபோன் செய்தேன். தலையில் அடி,
இந்த வாரம் ஆட்டமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.
எந்தக் கேள்வியில் தவறினான் என்றார்.
சொன்னேன்.
தொண்ணூறு மைலுக்கு அப்பால்
டிராக்டரோ என்னவோ ஓடிக்கொண்டே இருந்தது.
பிறகு நின்றது.

அவர் வந்து சேரும்வரை
எமெட் நிழலில், என் மேசைப் பக்கம்.
இரண்டரை மணிக்கு வெப்பத்தைக் குறிக்க வேண்டும்;
அளவுமானியை அவன்தான் படித்துச் சொன்னான், எண்பத்தெட்டு.
சிவப்புக் கொடியை ஏற்றினேன்.
ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு
எல்லாப் பிள்ளைகளும் தண்ணீருக்கு ஓடிவந்தார்கள்.
பந்து மட்டும் கொஞ்ச தூரம் உருண்டு
ஆளில்லாத கோலுக்குள் போனது.

"அது கணக்குல வராது" என்றான் எமெட்,
யாரிடமும் இல்லாமல்.